மேஜர் வின்ட்டரின் மூன்றாவது பொத்தான்

பிப்ரவரி 2, 1959. திங்கள்

டாக்டர் கொடுத்த கடுதாசியை இன்றும் ஸ்டூடியோவில் கொடுக்கவில்லை. கைப்பையில் வைத்துக் கொண்டுபோனேன், அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். காலையில் பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி பிரகாசி, இன்னும் எட்டுக் கதைதான் பாக்கி. அதுவரைக்கும் பொறுத்துக்க. நீ அதக் குடுத்தன்னு வையி, அன்னைக்கே என்ன வேலையவிட்டுத் தூக்கிருவான்" என்றார். இத்தனை வெள்ளைக்காரர் நடுவில் ஒரு மனுஷன் கண் கலங்கினால் நான் என்ன செய்வது? சரி என்று சொல்லிவிட்டேன்.

கடுதாசியில் நாலே வரி. இவருக்குச் சின்ன வயதிலிருந்து இருக்கிற மூச்சு இழுப்பு முற்றிவிட்டது. சூடும் தூசியும் உள்ள அடைத்த இடத்தில் வேலை செய்யக் கூடாது. செய்தால் ஒரு நாள் மூச்சு நின்றுபோகும்.

இவர் வேலையே அடைத்த இடம்தான். டெலிவிஷனில் வாரம் ஒரு கதையாக வருகிறாரே மேஜர் வின்ட்டர், சோதனைச்சாலை வெடித்து உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் போய், கள்ளக்கடத்தல்காரனையும் உளவாளியையும் பிடித்துக்கொண்டு திரிகிறாரே, அவர் உடுப்பு போட்டால் உடுப்பு மட்டும் நடக்கும். கழுத்துக்கு மேலே ஒன்றும் இராது. அந்த உடுப்புக்குள் இருப்பது இவர். இவர் தலைக்கு மேலே பிரம்பும் கம்பியுமாக ஒரு தோள்கூடு. அதன் மேல் சட்டை, டை, கோட்டு. இவர் முகம் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு நேரே வரும். அங்கே இரண்டு விரல் அகலத்துக்கு வலைத்துணி. பார்ப்பதும் மூச்சு விடுவதும் அதன் வழியாகத்தான். குரல் கொடுப்பது வேறொருவர்.

ஆள் உயரம் கொஞ்சம் மட்டாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். அதனால்தான் இவரைப் பார்த்ததும் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

எனக்குக் கம்பி வேலை. மேஜர் தொடுகிற டெலிபோன், திறக்கிற அலமாரி எல்லாவற்றையும் மேலே பரணில் படுத்துக்கொண்டு மயிர்போன்ற கம்பியில் அசைப்பது. தூத்துக்குடியில் கன்னியர் மடத்தில் லேஸ் பின்னப் படித்த விரல், அதனால் சேர்த்தார்கள். எங்களைச் சமையலுக்கும் வீட்டு வேலைக்குமாக இந்தச் சீமைக்குக் கூட்டிவந்த கப்பல் கம்பெனித் துரை வந்த ஆறாம் மாதம் மண்டையைப் போட்டார். அவருடைய மருமகன் பெல்லோஸ்தான் ஸ்டூடியோவில் கம்பி வேலைக்குத் தலைவர். அப்படி நுழைந்தோம் இரண்டு பேரும்.

உள்ளே இருப்பது யார் என்று ஈ எறும்புக்குத் தெரியக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். எங்களில் ஒருவர் வாய் திறந்தாலும் இருவருக்கும் வேலை இல்லை. பேப்பர்காரர்கள் வாரா வாரம் 'யார் அந்த மேஜர்?' என்று எழுதுகிறார்கள், மேனேஜர் பிரென்டிஸ் துரை அதைப் படித்துப் படித்துக் குளிர்ந்துபோகிறார். எனக்கு இதில் என்ன சிரமம்? கல்யாணமாகி ஒன்பது வருஷமாக இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கல்யாணத்தன்று கோவிலில் சாமியார் கேட்டபோதுகூட ஆமென்று தலையாட்டினேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மழை. அரிசி வேகவே இல்லை. கீழே இருந்து எங்கள் அறைக்கு இருபத்திரண்டு படி. இவர் ஏறி வர எட்டு நிமிஷம்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று டைரக்டர் ஹார்கிரீவிடம் நல்ல திட்டு வாங்கினேன். தப்பு என்னுடையதுதான், ஆனால் இப்போதும் அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

மேஜர் உடுப்பெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, முழுக்க மறைந்து, வில்லன் வீட்டுக்குள் புகுந்து தண்ணீர் குடிக்கிறார். இதற்கு ஆள் வேண்டாம், டம்ளர் தானாக எழும்பினால் போதும். இரண்டு கம்பியில் தூக்கினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மெதுவாக மேலே கொண்டுபோய், வாய் இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, பதமாகச் சாய்த்தேன். தண்ணீர் கம்பி மாதிரி நேராக இறங்கியது.

"நிறுத்து! மேஜர் என்ன, குளிக்கிறாரா?" என்று ஹார்கிரீவ் கத்தினார்.

"குடிக்கிறார் சார்."

"டம்ளர் உதட்டில் படாமலா?"

"பிறத்தியார் வீட்டு டம்ளர் சார். அதில் போய் வாய் வைப்பாரா?"

ஸ்டூடியோவே சிரித்தது. இவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தடவை மேஜர் எச்சில் பண்ணித்தான் குடித்தார். எப்படியோ போகட்டும்.

பிப்ரவரி 11, விபூதிப் புதன்

காலையில் கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வேலைக்குப் போனோம். என்னுடையதைத் துடைக்கச் சொன்னார்கள். இவருடையதை யார் பார்க்கப் போகிறார்கள், சட்டைக்குள்தானே இருக்கிறது.

தவக்காலத்துக்கு என்ன விடப்போகிறாய் என்று இவர் கேட்டார். "உங்க பேச்சக் கேக்குறத விடப்போறேன்" என்றேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நேற்று உடுப்பைக் கழற்றியபோது உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. பவுடர் என்கிறார். நாவற்பழ நிறத்தில் எந்தக் கடையில் பவுடர் விற்கிறான்?

கடுதாசியைக் கொடுக்க விடமாட்டேன் என்கிறார். அதனால் நானே ஒரு வழி பண்ணினேன். கறுப்புப் பட்டு நூல். ஒரு முனை இவர் இடது கையுறையில் சுண்டுவிரலில், மறுமுனை பரணில் என் சுண்டுவிரலில். ஒரு இழுப்பு இழுத்தால் நலம். இரண்டு இழுத்தால் மூச்சு முட்டுகிறது. மூன்று இழுத்தால் இனிமேல் முடியாது. பெல்லோஸ் பார்த்துவிட்டு இது எதற்கு என்றார். கோட்டு நுனி பறக்கிற காட்சிக்கு என்று புளுகினேன். விபூதிப் புதனும் அதுவுமாக.

பிப்ரவரி 16, திங்கள்

மூன்று இழுத்தார்.

மேஜர் தேநீர்த் தட்டை எடுத்து ஒரு சீமாட்டியிடம் நீட்டுகிற காட்சி. விளக்கெல்லாம் எரிகிறது, காமிரா ஓடுகிறது. நடுவில் நான் போய் "மூச்சு முட்டுது, நிறுத்துங்க" என்று சொன்னால் அன்றோடு எல்லாம் முடிந்தது. தட்டின் பாரத்தைத் தாங்கிய கம்பியை விட்டுவிட்டேன். கோப்பை, கெட்டில், சீமாட்டியின் பட்டுப் பாவாடை எல்லாம் நாசம். அவள் கூச்சல் போட, நான் கீழே இறங்கி இவரைக் கூட்டோடு ஓரமாக நகர்த்தி, சட்டையைத் திறந்து விசிறினேன்.

பெல்லோஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரகாசி, நீ இப்படிக் கை நழுவ விடுகிற பெண் இல்லையே, என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நல்ல மனுஷன். வாய் வரை வந்தது. கூட்டிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "குளிரில் விரல் மரத்துவிட்டது சார்" என்றேன்.

பிப்ரவரி 19, வியாழன்

நல்ல நாள். ஒரு தடவைகூட இரண்டு இழுக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் உடுப்பை அவிழ்க்க நேரமில்லை என்று இவர் அப்படியே வெளியே வெயிலுக்கு வந்தார். தலையில்லாத மேஜர். லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாம், "குட் ஆப்டர்நூன் மேஜர்!" என்று சலாம் போட்டார்கள். இவரும் கையுறைக் கையைத் தூக்கி, ராஜா மாதிரி சலாம் வைத்தார். இல்லாத அந்தத் தலையையும் சேர்த்தால் ஆறடி. நான் பக்கத்தில் நின்றபோது, முகம் இருக்க வேண்டிய இடத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பிரென்டிஸ் துரையின் டைப்பிஸ்ட் ஒருத்தி, "உங்கள் ஜோடிப் பொருத்தம் பிரமாதம்" என்று கேலி செய்தாள். அவளுக்கு உள்ளே யாரென்று தெரியாது. எனக்குக் கோபம் வரவில்லை.

ஊரில் யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா? கோவிலுக்குப் போகும்போதெல்லாம் நான் இரண்டு எட்டு பின்னாலேயே நடப்பேன். புருஷனுக்குக் கொடுக்கிற மரியாதை. இங்கேயும் அப்படித்தான் நடக்கிறேன்.

மாலையில் அறைக்கு வந்து இவர் பாட்டுப் பாடிக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் பாடினார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மறுபடியும் மூன்று. இந்தத் தடவை புத்தக அலமாரியைச் சாய்த்தேன். நாற்பது புத்தகமும் ஒரு பூச்சாடியும். ஹார்கிரீவ் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

பெல்லோஸ் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இதற்கு மேல் என்னால் உன்னைக் காப்பாற்ற முடியாது" என்றார். நாளையிலிருந்து நான் பரணுக்கு ஏறக் கூடாது. கீழே உடுப்பு மேஜையில் பொத்தான் தைக்க வேண்டும். கம்பியைப் பெல்லோஸே பார்த்துக்கொள்வார்.

"நூலு?" என்று இவரிடம் கேட்டேன்.

"நூலும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். எனக்கு இப்பம் தேவலட்டி. நீயே சும்மா சும்மா பயந்து வேலையக் கெடுத்துட்ட."

அலமாரியைத் தள்ளியது யாருக்காக என்று கேட்க வாய் துடித்தது. உருளைக்கிழங்கைக் கருக்கினேன்.

பிப்ரவரி 25, புதன்

பதினேழு பொத்தான் தைத்தேன். எல்லாம் மூன்றாவது பொத்தானாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

மார்ச் 2, திங்கள்

வியாழக்கிழமை பேப்பர்காரர்கள் ஒன்பது பேர் ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள். மேஜர் நடிப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், கிட்டே போகக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. காட்சி என்ன தெரியுமா? தீப்பிடித்த கிடங்கு. மேஜர் புகைக்குள் புகுந்து, டெலிபோனை எடுத்து, ஆட்களை வரவழைத்துவிட்டு வெளியே வருகிறார். நிறுத்தாமல் நாலு நிமிஷம்.

புகை. இழுப்புக்காரனுக்குப் புகை.

கடுதாசியை எடுத்துக்கொண்டு பிரென்டிஸ் துரையின் அறைவாசல் வரைக்கும் போய்விட்டேன். இவர் பின்னாலேயே ஓடிவந்து கதவை மறித்துக்கொண்டு நின்றார். மார்பு கொல்லன் துருத்தியாக ஏறி இறங்குகிறது.

"நாலே நாலு நிமிசம்ட்டி. ஒம்பது பேப்பர்காரன் வாரான். என்னையப் பாக்கதுக்குன்னு வாரான். என் வாழ்க்கையில எவன் என்னப் பாக்க வந்தான்?"

"உங்களையா பாக்க வாரான்? அந்தக் கோட்டப் பாக்க வாரான்."

சொல்லியிருக்கக் கூடாது. முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் கதவை விட்டு நகரவில்லை. கடுதாசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இவர் கெஞ்சியதால்தான் போட்டுக்கொண்டேன், வேறு காரணம் இல்லை.

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உயிர் இருக்கிறது. மாதாவே, உனக்குக் கோடி ஸ்தோத்திரம். உயிர் இருக்கிறது.

காலையில் கூட்டை மாட்டி, சட்டையை நானேதான் பொத்தான் போட்டேன். மூன்றாவது பொத்தானை ஒற்றை நூலில் தைத்து வைத்திருந்தேன். இழுத்தால் பிய்ந்து வரும்படி. வலைத்துணி வழியாக இவர் கண்ணைச் சிமிட்டினார்.

பேப்பர்காரர்கள் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிரென்டிஸ் துரை நடுவில். நான் உடுப்பு மேஜைக்குப் பக்கத்தில், கையில் குண்டூசி டப்பா. புகையை விட்டார்கள். மேஜர் உள்ளே போனார்.

முதல் நிமிஷம் ஒன்றுமில்லை. அந்த மூன்றாவது பொத்தானுக்கு மேலே துணி உள்ளே போகிறது, வெளியே வருகிறது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவது நிமிஷம் துணி வேகமாக அடித்தது. மேஜர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹார்கிரீவ் தலையை ஆட்டி ரசித்தார், நடிப்பு என்று நினைத்துக்கொண்டு. மேஜர் வலது கையால் டெலிபோனை எடுத்தார். இடது கை தொடையோரம் தொங்கியது. அந்தக் கையுறையின் சுண்டுவிரல் மடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

நூல் இல்லை. நான் பரணில் இல்லை. அது இவருக்குத் தெரியும். தெரிந்தும் இழுக்கிறார். மறுபடியும் மூன்று.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தமிழில்தான் வந்தது. யாருக்கும் புரியவில்லை. ஹார்கிரீவ் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். காமிரா ஓடும்போது 'கட்' என்று சொல்ல அவர் ஒருவருக்குத்தான் அதிகாரம். துணி அசையவில்லை. அந்த மூன்றாவது பொத்தானுக்கு மேலே துணி அசையவே இல்லை.

குண்டூசி டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போது பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, இத்தனை பேருக்கு முன்னால், தொண்டை கிழிய. இங்கே அதை எழுதக் கை வரவில்லை. சட்டையைப் பிய்த்தேன், பொத்தான் தெறித்தது, கூட்டைப் பிடுங்கி எறிந்தேன். முகம் நீலம். மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் அறைந்தேன், மறுபடியும் பெயரைச் சொன்னேன். பளிச் பளிச்சென்று விளக்கு வெட்டியது. படம் எடுக்கிறார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது.

இங்கே கொண்டுவந்து ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது. முன்பே இந்த வியாதி தெரியுமா என்று டாக்டர் கேட்டார். கைப்பையிலிருந்து கடுதாசியை எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

இவர் என்னோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன், தொடவில்லை. நர்ஸ் ஊட்டினால் வாங்கிக்கொள்கிறார்.

சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் வாயைத் திறந்தார். "எல்லாவனும் பாத்துட்டான்லா, நான் இத்தினிக்காணு உசரந்தான்னு."

"உசிரு போயிருக்கும்யா!"

"போயிருந்தா மேஜராப் போயிருப்பேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கஞ்சிப் பாத்திரத்தை இவர் தலையில் கவிழ்த்திருப்பேன். பக்கத்துக் கட்டில் கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று ஓவென்று அழுதேன். ஒரு வெள்ளைக்காரி கைக்குட்டை கொடுத்தாள்.

மார்ச் 7, சனி

பேப்பரில் படம் வந்துவிட்டது. நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் இவர், பக்கத்தில் தலையில்லாத கோட்டு. கீழே எழுதியிருப்பதை நாலு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'படப்பிடிப்பின்போது வெப்பத்தில் மயங்கிய ஸ்டூடியோப் பையனும், அவனுக்கு உதவும் தையல் பெண்ணும். மேஜர் யார் என்பது இன்னும் மர்மமே.'

பையன்! முப்பத்தேழு வயது மனுஷன், தாடை மயிர் நரைக்கத் தொடங்கிவிட்டது, பையனாம். புகையில் மேஜர் நழுவிவிட்டார், கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார், இடையில் எடுபிடிப் பையன் ஒருவன் மயங்கிவிட்டான் என்று பிரென்டிஸ் துரை அங்கேயே கதை கட்டியிருக்கிறார். நான் கூட்டைப் பிடுங்கியதெல்லாம் புகைக்குள், தூரத்தில் இருந்தவர்களுக்குச் சரியாகத் தெரிந்திராது; ஒன்பது பேரும் நம்பிவிட்டார்கள். அந்த உடம்பில் மேஜர் இருப்பார் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் துரையே பூங்கொத்தும் திராட்சையுமாக வந்தார். முகமெல்லாம் பல். "நமக்கு அதிர்ஷ்டம்! ரகசியம் பத்திரம். இரண்டு வாரம் ஓய்வெடுங்கள். வலைத்துணியைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்கிறேன். இந்தப் பெண்ணும் பரணுக்குத் திரும்பி வரட்டும்."

இவர் படுத்தபடியே சொன்னார்: "வாரேன் சார்."

டாக்டர் சொன்னதை நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? "தேங்க்யூ சார்" என்றேன். என் நாக்கில் தீயை வைக்க.

அவர் போன பிறகு இவர் பேப்பரை எடுத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "பையனா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சின்னதாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 8, ஞாயிறு

பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. முழங்காலிட்டபடியே இருந்தேன். இந்த டைரியில் இத்தனை நாளும் நான் எழுதியதில் பாதி பொய். கடுதாசியைக் கொடுக்காதது இவர் கெஞ்சியதால் மட்டும் இல்லை. எனக்கு அந்த உயரமான ஆளைப் பிடித்திருந்தது. அந்த டைப்பிஸ்ட் ஜோடிப் பொருத்தம் என்றாளே, அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். உள்ளே ஒரு மனுஷன் மூச்சுக்கு அல்லாடுகிறான் என்று தெரிந்தும் இருந்தேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்வதைவிட, சொல்ல வேண்டியவரிடம் சொல்லலாம் என்று எழுந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் நிறம் வந்திருந்தது.

"ஒண்ணு சொல்லணும். கோவப்படாதிய."

"சொல்லு."

"கோயிலுக்குப் போறப்ப ரெண்டு எட்டு பின்னால வருவேன்லா, அது மரியாதையில இல்ல. உங்க பக்கத்துல நடக்க வெக்கப்பட்டேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே, "தெரியும்ட்டி" என்றார்.

"தெரியுமா?"

"ஒம்பது வருசமாத் தெரியும். மொத ஞாயித்துக்கெளமையே தெரியும். நீ பின்னால வந்தா நெழலு முன்னால விழும். உன் நெழலு என் நெழலத் தாண்டிப் போவும். நீ உடனே கொஞ்சம் குனிஞ்சுக்கிடுவ."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தக் கூட்டுக்குள்ள நின்னப்பதான் நீ என்ன அண்ணாந்து பாத்த. வலைத்துணி வழியா நான் உன் மொகத்தப் பாத்தேன். அப்படி ஒரு மொகத்த அதுக்கு முன்ன நான் பாத்ததில்ல. அதுக்குத்தான் போனேன். மேஜரும் மயிரும் எனக்கு எதுக்கு?"

கட்டில் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் கிழவர் நாகரிகமாகப் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். இவர் என் தலையில் கையை வைத்தார். கை சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிற கை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன்: "இனி நீங்க அதுக்குள்ள போகக் கூடாது. நான் பேப்பர்காரன்ட்ட சொல்லப்போறேன். அது பையன் இல்ல, எம் புருசன், மேஜரே அவுகதான்னு."

"கையெழுத்துப் போட்டிருக்கோம். ரெண்டு பேரு வேலையும் போயிரும்."

"போவட்டும். எனக்குச் சோறாக்கத் தெரியும், தைக்கத் தெரியும். உங்களுக்கு உருளைக்கெழங்கு உரிக்கத் தெரியும்."

சிரிக்கவில்லை. இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அவன் உசரம் கேட்டான்னா?"

"உள்ளதச் சொல்லுவேன்."

தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார். ஓரத்தில் பேப்பர் ஆபீஸ் டெலிபோன் நம்பர் அச்சடித்திருந்தது. வாசல் வரைக்கும் போனவளைக் கூப்பிட்டார். "ஏட்டி, பேர முழுசாச் சொல்லு. எங்க அப்பா பேரையும் சேத்துச் சொல்லு."

ஆஸ்பத்திரிக்கு எதிரே சிவப்பு டெலிபோன் கூண்டு. காசு போட்டேன். ஒரு வாலிபன் எடுத்தான். சனிக்கிழமை பேப்பரில் நீங்கள் போட்டிருப்பது பையன் இல்லை என்றேன். பின்னே யார் என்றான். மேஜர் வின்ட்டர் என்றேன். சிரித்தான். தோள்கூடு எப்படி இருக்கும், மூன்றாவது பொத்தானில் என்ன இருக்கும், பூட்ஸுக்குள் உயரத்துக்கு எத்தனை அட்டை வைத்திருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். சிரிப்பு நின்றது. காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நீங்கள் யார்?"

"அவர் பெண்சாதி."

"அவர் பெயர் என்ன?"

கூண்டுக்கு வெளியே ஒருத்தர் காத்துக்கொண்டு நின்றார். நிற்கட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவன் தப்பாக எழுதினான், திரும்பச் சொன்னேன். சந்தியாகு. மிக்கேல் கொரைரா மகன் சந்தியாகு கொரைரா. ஊர் தூத்துக்குடி. வயது முப்பத்தேழு.

உயரத்தை அவன் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். நாலடி ஒன்பது அங்குலம், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.